அவன் இல்லாமல் ஒரு சாக்லேட் கேக்

(பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி, திருமழிசை)



கேக் என்றவுடன் நம் கண்முன் வருவது பேக்கரிக் கடையின் கண்ணாடி அலமாரிதான். அதை வீட்டில் செய்வதென்றால் விலையுயர்ந்த மின் அடுப்பு வேண்டும், விதவிதமான கருவிகள் வேண்டும் என்று நாமே முடிவு செய்து கைவிட்டு விடுகிறோம். அவை எதுவும் இல்லாமலே ஒரு சிறிய சாக்லேட் கேக்கை ஐசிங்குடன் செய்ய முடியும் என்பதை நான் என் அனுபவத்தில் கண்டேன். அதன் செய்முறையையும், ஒவ்வொன்றையும் ஏன் அப்படிச் செய்கிறோம் என்ற காரணத்தையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். என் முதல் கேக் கெட்டுப்போன கதையையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஏனெனில் நான் கற்றுக்கொண்டதில் பாதி அதிலிருந்து வந்ததுதான்.

எங்கள் ஊர் திருமழிசை. திருமழிசை ஆழ்வார் பிறந்த தலம் என்று பெரியோர் அறிவர். ஜெகந்நாதப் பெருமாள் கோயிலும், ஒத்தாண்டீஸ்வரர் கோயிலும் இங்குள்ளன. 2020 ஆம் ஆண்டு மே மாதத்தில் கொரோனாவினால் கோயம்பேடு காய்கறிச் சந்தை மூடப்பட்டபோது, தற்காலிகச் சந்தை எங்கள் ஊரில்தான் அமைக்கப்பட்டது. இங்குள்ள தொழிற்பேட்டையில் என் தாயார் வேலை செய்கிறார். காலை ஐந்தரை மணிக்கு எழுந்து சமைத்துவிட்டு ஏழரை மணிக்குள் வேனைப் பிடிக்க வேண்டும். தந்தையார் லாரி ஓட்டுநர். வாரத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பார். வீட்டில் நானும் தம்பியும் ஆயாவும்தான்.

என் பிறந்த நாளுக்கும் தம்பியின் பிறந்த நாளுக்கும் அம்மா தவறாமல் கேக் வாங்கித் தருவார். அம்மாவின் பிறந்த நாள் எது என்பதே எனக்கு ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போதுதான், அவருடைய ஆதார் அட்டையைப் பார்த்துத் தெரிந்தது. அது புரட்டாசி மாதத்தில் வருகிறது. இந்த ஆண்டு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அன்று என் கையால் ஒரு கேக் செய்வது என்று தீர்மானித்தேன்.

இரண்டு தடைகள் இருந்தன. முதலாவது, புரட்டாசி முழுவதும் எங்கள் வீட்டில் முட்டை வாங்க மாட்டார்கள். இரண்டாவது, எங்கள் வீட்டில் அவன் கிடையாது. "ஆயா, அவன் இல்லாம கேக் பண்ண முடியாதாம்" என்று நான் கவலையோடு சொன்னேன். ஆயா முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "யாருடி அந்த அவன்? அவன் இல்லாட்டி உனக்கு ஒண்ணும் ஆகாதா?" என்று கேட்டார். அது ரொட்டி சுடும் அடுப்பின் பெயர் என்று விளக்கி முடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

கோகோ வந்த வழி

செய்முறைக்குப் போகுமுன், சாக்லேட்டுக்கு நிறமும் மணமும் தரும் கோகோவைப் பற்றிச் சிறிது அறிந்து கொள்வோம்.

கோகோ மரத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. லின்னேயஸ் என்னும் தாவரவியல் அறிஞர் 1753 ஆம் ஆண்டு இதற்குத் தியோபுரோமா என்று பெயரிட்டார். தேவர்களின் உணவு என்பது அதன் பொருள். நம் பலாவைப் போலவே இதன் காய்களும் அடிமரத்திலேயே ஒட்டிக்கொண்டு காய்க்கும். பழத்தை உடைத்து விதைகளை எடுத்து, அவற்றைச் சூழ்ந்த சதையுடன் சில நாட்கள் குவித்துப் புளிக்க வைப்பார்கள். அப்போதுதான் சாக்லேட் மணத்துக்கான அடிப்படை உண்டாகிறது. பிறகு காயவைத்து, வறுத்து, தோல் நீக்கி அரைத்தால் கொழகொழவென்ற விழுது கிடைக்கும். அதில் பாதி கொழுப்பு. ஹாலந்து நாட்டு வான் ஹூட்டன் குடும்பத்தார் 1828 ஆம் ஆண்டில் அந்தக் கொழுப்பைப் பிழிந்து எடுக்கும் முறைக்கு உரிமை பெற்றனர். எஞ்சிய பிண்ணாக்கைப் பொடித்தால் அதுதான் கோகோ பவுடர். செக்கில் எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் பிண்ணாக்கை நினைத்துக் கொள்ளுங்கள். அதுபோன்றதே இது.

இந்தியாவில் கோகோ முதன்முதலில் நம் தமிழ் மண்ணில்தான் நடப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. 1798 ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் அம்பாய்னா தீவிலிருந்து கொண்டுவந்த கன்றுகளைக் குற்றாலத்தில் நட்டனர். ஆனால் பயிர்த்தொழிலாக அது வளர்ந்தது 1960-களுக்குப் பின்னர்தான். இன்று பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக இதனை வளர்க்கிறார்கள். தென்னையின் நிழல் கோகோவுக்கு நன்மை செய்கிறது.

கேக்குக்கும் ஒரு கதை உண்டு. 1883 ஆம் ஆண்டு, அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த தலச்சேரியில், மாம்பள்ளி பாபு என்ற பேக்கரிக்காரரிடம் மர்டாக் பிரவுன் என்னும் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு கேக்கைக் காட்டி, இதுபோல் செய்ய முடியுமா என்று கேட்டாராம். பாபு உள்ளூர்க் கொல்லரிடம் அச்சுத் தகரம் செய்து வாங்கி, உள்ளூர்ச் சரக்குகளைக் கொண்டே அந்தக் கிறிஸ்துமஸ் கேக்கைச் செய்து கொடுத்தார் என்று சொல்வார்கள். கருவி இல்லை என்று அவர் கைகட்டி நிற்கவில்லை. இதைப் படித்தபோது எனக்கும் தைரியம் வந்தது.

முதல் கேக்

பிறந்த நாளுக்கு முந்தைய ஞாயிறு அம்மா கூடுதல் வேலைக்குச் சென்றிருந்தார். ஒத்திகை பார்ப்பதற்கு அதுவே நல்ல நேரம் என்று எண்ணினேன். குக்கரில் கேக் செய்யலாம் என்று கேள்விப்பட்டிருந்தேன். மூடியிலுள்ள ரப்பர் வளையத்தைக் கழற்ற வேண்டும் என்பதைக் கேள்விப்படவில்லை.

தண்ணீர் ஊற்றாத குக்கரில் ரப்பருடன் மூடிப் பெரிய தணலில் வைத்தேன். வெந்துவிட்டதா என்று பார்க்க ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை மூடியைத் திறந்தேன். சிறிது நேரத்தில் ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. கேக்கின் நடுப்பகுதி பள்ளமாக உட்கார்ந்துவிட்டது. பள்ளத்தை ஐசிங்கால் மூடிவிடலாம் என்று எண்ணி, சூடு ஆறுவதற்கு முன்பே வெண்ணெய் ஐசிங்கைத் தடவினேன். அது உருகி வழிந்து தட்டெல்லாம் சேறாயிற்று. ஆயா எட்டிப் பார்த்து, "ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கலையா?" என்று மட்டும் கேட்டார். நானும் தம்பியும் அதை ஸ்பூனால் சாப்பிட்டு முடித்தோம். வெடித்துப் போயிருந்த ரப்பரைத் துடைத்து மூடியிலேயே பொருத்தி வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை அம்மா குக்கரில் அரிசி வைத்தார். விசில் வரவில்லை. ஓரமெல்லாம் ஆவி சீறியது. "ரப்பர் பழசாயிடுச்சு போல" என்றார் அம்மா. "ஆமாம்மா" என்று நான் சொன்னேன். ஆயா என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அம்மா வேறு பாத்திரத்தில் சோற்றை வடித்து, எங்களுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டுத் தாம் சாப்பிடாமல் ஓடினார். அன்று வேன் போய்விட்டது.

பள்ளியில் அன்று எந்தப் பாடமும் மனத்தில் ஏறவில்லை. மாலையில் அம்மா வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் நடந்ததைச் சொல்லிவிட்டேன். அடி விழும் என்று எதிர்பார்த்தேன். அம்மா சொன்னது இதுதான்: "இதைக் காலையிலேயே சொல்லியிருந்தா பக்கத்து வீட்டுக் குக்கரை வாங்கி வச்சிருப்பேனே." அடியைவிட அது எனக்கு வலித்தது. உண்மையைச் சொல்வது நம் மனநிம்மதிக்காக மட்டுமன்று, அதை அறிந்திருக்க வேண்டியவர்களுக்கு அது தேவைப்படுகிறது என்பது அப்போதுதான் புரிந்தது.

"எதுக்குடி கேக்கு?" என்று கேட்டார். "உன் பொறந்த நாளுக்குத்தான்" என்றேன். அம்மா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பரண்ல பழைய குக்கர் ஒண்ணு கெடக்கு. அதை எடுத்து வச்சுக்க. இதைத் தொடாதே. ஞாயித்துக்கிழமை நான் வீட்ல இருக்கும்போது செய்" என்றார்.

தேவையான பொருள்கள்

கீழே தந்துள்ள அளவு ஆறு அங்குல வட்டத் தகரத்துக்கு உரியது. ஆறு பேர் தாராளமாகச் சாப்பிடலாம்.

மைதா: 125 கிராம்
கோகோ பவுடர் (சர்க்கரை சேர்க்காதது): 25 கிராம், அதாவது நான்கு மேசைக்கரண்டி
பொடித்த சர்க்கரை: 125 கிராம்
பேக்கிங் பவுடர்: அரைத் தேக்கரண்டி
சமையல் சோடா: அரைத் தேக்கரண்டி
உப்பு: ஒரு சிட்டிகை
சற்றே புளித்த கெட்டித் தயிர்: 120 மில்லி
பால்: 90 மில்லி
மணமில்லாத சமையல் எண்ணெய்: 60 மில்லி
வெனிலா எசென்ஸ்: ஒரு தேக்கரண்டி

"அளவுக்கரண்டி எங்கள் வீட்டில் இல்லையே" என்று சொல்லாதீர்கள். எங்கள் வீட்டிலும் இல்லை. இருமல் மருந்துப் புட்டியுடன் வரும் சிறிய மூடியில் 5, 10, 15 மில்லி என்று கோடு போட்டிருக்கும். அதை நன்றாகக் கழுவிக் காயவைத்து வைத்துக் கொள்ளுங்கள். 5 மில்லி ஒரு தேக்கரண்டி, 15 மில்லி ஒரு மேசைக்கரண்டி. மைதாவையும் சர்க்கரையையும் மளிகைக் கடையிலேயே 125 கிராம் என்று நிறுத்து வாங்கிவிடலாம். சாம்பாரில் கை அளவு, கண் அளவு போதும். கேக்கில் அது செல்லாது. சோடா சிறிது கூடினாலும் சோப்பைக் கடித்ததுபோன்ற சுவை வந்துவிடும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு அல்லவா?

எந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது?

இட்லி எப்படிப் பூப்போல் வருகிறது? மாவு புளிக்கும்போது நுண்ணுயிர்கள் வாயுவை உண்டாக்குகின்றன. உளுந்தின் கொழகொழப்பு அந்தக் குமிழிகளைப் பிடித்து வைக்கிறது. ஆவியில் வெந்ததும் குமிழிகள் நின்ற இடமெல்லாம் துளைகளாகிவிடுகின்றன. கேக்கும் அப்படித்தான். ஆனால் இங்கே இரவு முழுவதும் காத்திருக்க வேண்டியதில்லை. சமையல் சோடா என்பது சோடியம் பைகார்பனேட். அறிவியல் வகுப்பில் படித்தோமே, அது அமிலத்துடன் சேர்ந்தால் கரியமில வாயு வெளிவரும். தயிரின் புளிப்பு லாக்டிக் அமிலம். இரண்டும் சேர்ந்தவுடன் வாயு பொங்கத் தொடங்கிவிடும். பேக்கிங் பவுடரில் சோடாவும் உலர்ந்த அமிலப் பொருளும் மாச்சத்தும் கலந்தே இருக்கும். ஈரம் பட்டதும் சிறிது, அடுப்பில் சூடேறியதும் மீதி என்று இரண்டு தவணையாக அது வாயுவைத் தரும்.

பழைய சோடா வேலை செய்யாது. ஒரு சிட்டிகை சோடாவை எலுமிச்சைச் சாற்றில் போட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் நல்லது. பேக்கிங் பவுடரை வெந்நீரில் போட்டு இதேபோல் சோதிக்கலாம்.

முட்டை செய்யும் வேலைகள் மூன்று: ஈரம் தருவது, காற்றைப் பிடித்து வைப்பது, வெந்ததும் இறுகிக் கேக்கைத் தாங்குவது. முட்டை சேர்க்காதபோது தயிரும் சோடாவும் முதல் இரண்டையும் பார்த்துக் கொள்கின்றன. தாங்கும் வேலையை மைதா ஏற்கிறது. ஆதலால்தான் மாவைக் கலக்கும் விதம் முக்கியமாகிறது. மைதாவில் குளூட்டன் என்னும் புரதம் உண்டாகும். தண்ணீர் சேர்த்துப் பிசையப் பிசைய அது ரப்பர்போல் இழுபடும். பரோட்டாக் கடைக்காரர் மாவை ஓங்கி ஓங்கி அடிப்பது அந்த இழுவைக்காகத்தான். கேக்குக்கு அது வேண்டாம். எனவே ஈரமும் மாவும் சேர்ந்தபின் அதிகம் கலக்கக் கூடாது. எண்ணெய் மாவைச் சுற்றிப் படிந்து குளூட்டன் பெருகாமல் தடுக்கிறது. சர்க்கரை இனிப்புக்கு மட்டுமன்று. ஈரத்தைப் பிடித்து வைத்துக் கேக்கை மறுநாளும் மென்மையாக இருக்கச் செய்கிறது.

அடுப்பைத் தயார் செய்தல்

பரணிலிருந்து இறக்கிய ஐந்து லிட்டர் குக்கரைக் கழுவித் துடைத்தேன். நல்ல குக்கரை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். தண்ணீரின்றிச் சூடாக்கினால் அது நாளடைவில் கெட்டுவிடும். தடித்த பழைய பாத்திரம் எதுவும் போதும், மூடி சரியாக உட்கார வேண்டும்.

மூடியிலிருந்து ரப்பர் வளையத்தையும் மேலே வைக்கும் வெயிட்டையும் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். காரணம் இதுதான். சோறு சமைக்கும்போது குக்கருக்குள் வெப்பநிலை சுமார் 120 டிகிரி வரை செல்லும். ரப்பர் அதைத் தாங்கும். கேக்குக்கு 170 முதல் 180 டிகிரி வறண்ட சூடு தேவை. அதில் ரப்பர் கருகிவிடும். மேலும் கேக்கிலிருந்து எழும் ஆவி வெளியேற வழி இருக்க வேண்டும். ஆவி உள்ளேயே தங்கினால் மேற்பகுதி நசநசவென்று ஆகிவிடும்.

குக்கரின் அடியில் சலித்துக் காயவைத்த மணலை ஓர் அங்குல உயரத்துக்குப் பரப்பி, அதன்மேல் ஒரு வளையத்தை வைத்தேன். மணல் கிடைக்காவிட்டால் கல் உப்பு போடலாம். மணல் எதற்கு? தள்ளுவண்டியில் மணலைச் சூடாக்கி வேர்க்கடலை வறுப்பவரைப் பாருங்கள். மணல் சூட்டை வாங்கிக்கொண்டு எல்லாப் பக்கமும் ஒரே சீராகக் கொடுக்கும். அதனால் கடலை தீயாமல் வறுபடுகிறது. கேக்கின் அடியும் அப்படியே தீயாமல் வேகும். மூடியை மூடி, நடுத்தரத் தணலில் பத்து நிமிடம் சூடாக்க வேண்டும்.

செய்முறை

முதலில் தகரத்தின் உட்புறம் எண்ணெய் தடவி, சிறிது மைதா தூவித் தட்டுங்கள். அடியில் வட்டமாக வெட்டிய பட்டர் பேப்பரை இடுங்கள். தகரம் இல்லாதவர்கள் நேரான விளிம்புள்ள அலுமினியப் பாத்திரத்தை எடுத்துக் கொள்ளலாம்.

மைதா, கோகோ, பேக்கிங் பவுடர், சோடா, உப்பு ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்து இரண்டு முறை சலியுங்கள். கட்டி உடையும், காற்றும் கலக்கும், சோடா ஒரே இடத்தில் தங்காமல் எங்கும் பரவும். வேறொரு பாத்திரத்தில் தயிரையும் சர்க்கரையையும் சர்க்கரை கரையும்வரை அடித்து, எண்ணெய், பால், எசென்ஸ் சேர்த்துக் கலக்குங்கள். சலித்த மாவை மூன்று பாகமாக இதில் சேர்த்து, ஒரே பக்கமாக மெதுவாகக் கலக்குங்கள். உலர்ந்த மாவு கண்ணுக்குத் தெரியாமல் போனதும் நிறுத்திவிடுங்கள். தோசை மாவைவிடக் கெட்டியாக, கரண்டியிலிருந்து பட்டைபோல் விழ வேண்டும்.

இந்த மாவைக் காத்திருக்க விடக்கூடாது. வாயு வீணாகிவிடும். உடனே தகரத்தில் ஊற்றுங்கள். பாதிக்குச் சற்று மேல் வரை நிரம்பலாம், அதற்குமேல் வேண்டாம். இரண்டு முறை மெல்லத் தட்டி, சூடான குக்கருக்குள் இடுக்கியால் இறக்கி மூடித் தணலைச் சிறிதாக்குங்கள். 40 முதல் 45 நிமிடம் ஆகும். முதல் 35 நிமிடம் மூடியைத் திறக்கவே கூடாது. மாவுக்குள் வாயு விரிந்து கேக் எழும்பியிருக்கும். ஆனால் அதைத் தாங்கும் சுவர்கள் அப்போது இறுகியிருக்காது. குளிர்ந்த காற்றுப் பட்டால் குமிழிகள் சுருங்கி நடுவில் பள்ளம் விழும். என் முதல் கேக்குக்கு நேர்ந்தது இதுவே.

35 நிமிடத்திற்குப் பின் சுத்தமான தென்னை ஈர்க்கு ஒன்றை நடுவில் குத்தி எடுங்கள். மாவு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. ஒட்டினால் ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் பாருங்கள். வெந்தபின் பத்து நிமிடம் தகரத்திலேயே விட்டு, ஓரங்களைக் கத்தியால் விடுவித்துக் கவிழ்த்து எடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: மணல் வெகுநேரம் கொதித்துக்கொண்டே இருக்கும். அது முழுவதும் ஆறும்வரை அசைக்கவோ கொட்டவோ கூடாது. தண்ணீர் தெளிக்கவே கூடாது. சிறு பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். நம் வயதினர் பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்கும்போது மட்டுமே இதைச் செய்ய வேண்டும்.

ஐசிங்

இனிமேல்தான் பொறுமைக்குச் சோதனை. கேக் முழுவதும் ஆற இரண்டு மணி நேரமாவது வேண்டும். அடியில் கை வைத்தால் வெதுவெதுப்புக்கூட இருக்கக் கூடாது.

கடைகளில் வெண்ணெயையும் ஐசிங் சர்க்கரையையும் குழைத்துச் செய்வார்கள். மார்கழி, தை மாதங்களில் அது நமக்கும் சரிப்படும். 75 கிராம் உப்பில்லாத வெண்ணெய், 150 கிராம் ஐசிங் சர்க்கரை, 20 கிராம் கோகோ, ஒரு மேசைக்கரண்டி பால் போதும். ரொட்டிக்குத் தடவும் மஞ்சள் வெண்ணெயில் உப்பு இருக்கும், அது ஆகாது. ஆனால் வெண்ணெய் நம் ஊர் வெயிலிலேயே இளகிவிடும். ஆதலால் மற்ற மாதங்களுக்குக் காய்ச்சிய ஐசிங்கே ஏற்றது. நான் இரண்டாம் முறை செய்தது அதைத்தான்.

அதற்குத் தேவையானவை: பால் 150 மில்லி, சர்க்கரை ஆறு மேசைக்கரண்டி, கோகோ மூன்று மேசைக்கரண்டி, கார்ன் ஃப்ளவர் ஒன்றரை மேசைக்கரண்டி, வெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. கார்ன் ஃப்ளவர் என்று கேட்டால் வெள்ளை வெளேரென்ற மாவைத்தான் வாங்க வேண்டும். மஞ்சள் நிற மக்காச்சோள மாவு வேறு.

வெண்ணெய் தவிர மற்ற எல்லாவற்றையும் குளிர்ந்த பாலில் கட்டியில்லாமல் கரைத்தபின்பே அடுப்பில் வையுங்கள். சூடான பாலில் போட்டால் உருண்டை உருண்டையாகிவிடும். சிறு தணலில் கை விடாமல் கிளறுங்கள். கொப்பளம் வந்தபின் இரண்டு நிமிடம் கிளறினால் மாவின் பச்சை வாசனை போய்க் கெட்டியாகும். இறக்கி வெண்ணெயைச் சேருங்கள். ஆறும்போது ஆடை படியாமல் அவ்வப்போது கிளறிவிட்டு, குளிர்ந்ததும் கேக்கின் மேலும் பக்கங்களிலும் தோசைத் திருப்பியால் தடவுங்கள். ஈரத் துணியில் திருப்பியைத் துடைத்துத் துடைத்துத் தடவினால் வழவழவென்று வரும். இந்த ஐசிங்கில் பால் இருப்பதால் அன்றே சாப்பிட்டுவிட வேண்டும். மீந்தால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மறுநாளைக்குள் தீர்த்துவிடுங்கள்.

அந்த ஞாயிறு

ஞாயிறு காலை அம்மா அடுக்களை வாசலில் முறத்துடன் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எனக்கு ஒரு யோசனையும் சொல்லவில்லை. முப்பத்தைந்து நிமிடம் நான் மூடியைத் தொடவில்லை. ஈர்க்கு ஒட்டாமல் வந்தபோது நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மாவும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

ஆறுவதற்காகக் கூடையைப் போட்டு மூடிவிட்டு நானும் தம்பியும் காவல் இருந்தோம். மாலையில் அப்பாவும் வந்துவிட்டார். மேற்புறம் ஓரிடத்தில் சற்று வெடித்திருந்ததை ஐசிங் மறைத்துவிட்டது. நான் அதையும் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா சிரித்துவிட்டு முதல் துண்டை வெட்டி ஆயாவிடம் கொடுத்தார். கேக்கில் முட்டை இருக்கும் என்பதால் இத்தனை ஆண்டுகளும் எங்கள் பிறந்த நாள் கேக் எதையும் ஆயா தொட்டதில்லை. சிறிது விண்டு வாயில் போட்டவர், "கருப்பு இட்லிக்குச் சர்க்கரை போட்டாப்போல நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு இன்னொரு துண்டு கேட்டார்.

தோழியரே, கேக் செய்வதற்கு மின் அடுப்பு வேண்டியதில்லை. சரியான அளவு, மூடியைத் திறக்காத கை, ஆறும்வரை காத்திருக்கும் மனம் ஆகிய மூன்றும் இருந்தால் போதும். தவறு நேர்ந்தால் உடனே சொல்லிவிடும் வாயும் இருந்தால் அடுத்த கேக் நிச்சயம் நன்றாக வரும். உங்கள் வீட்டிலும் பிறந்த நாள் கொண்டாடப்படாத ஒருவர் இருக்கக்கூடும். அந்த நாள் எது என்று இன்றே கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்.